வாப்பாவின் பெயரில் ஒரு பள்ளிவாசல்: காசு அனுப்புவதற்கு முன்

கத்தாரில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது: "வாப்பா மவுத்தாகி ஒரு வருடமாகிறது. பிள்ளைகள் நான்கு பேரும் சேர்ந்து 80 லட்சம் ரூபா ஒதுக்கியிருக்கிறோம். அதில் 12 லட்சம் எங்கள் ஸகாத் (ஏழைகளுக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பங்கு). பள்ளிவாசல் இல்லாத ஏழை ஊர் ஒன்றில் வாப்பாவின் நன்மைக்காகப் பள்ளி கட்டிக்கொடுக்க விருப்பம். புத்தளத்துக்கு அந்தப்பக்கம் ஓர் ஊர் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார். கொழும்பைத் தாண்டி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எப்படித் தொடங்குவது, யாரிடம் கொடுப்பது?"

தம்பி, நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. தொழில் குவான்டிட்டி சர்வேயர், கட்டட அளவும் செலவும் கணக்கிடுபவர். மாளிகாவத்தைப் பக்கம் ஒரு பள்ளியின் நிர்வாகத்தில் பதினாறு வருடம் இருந்தேன், அதில் ஏழு வருடம் பொருளாளர். கட்டும் கணக்கும் தெரியும், கட்டிய பிறகு வரும் கணக்கும் தெரியும். இரண்டாவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். முதலாவதை எந்தக் கட்டட பாஸும் உங்களுக்குச் சொல்லிவிடுவார்.

முதலில் அந்த 12 லட்சத்தை வேறாக எடுத்து வையுங்கள். ஸகாத் யாருக்கு என்று குர்ஆன் 9:60 எட்டுக் கூட்டத்தாரைச் சொல்கிறது. பள்ளிக் கட்டடம் அதில் சேராது என்பதுதான் நான்கு மத்ஹபுகளிலும் (மார்க்கச் சட்ட வழிகளிலும்) பெரும்பாலான இமாம்களின் நிலை. ஸகாத் ஓர் ஆளின் கையில் போய் அவருடைய சொத்தாக வேண்டும், சுவருக்குச் சொத்துரிமை இல்லை. 'அல்லாஹ்வின் பாதையில்' என்பதை விரித்துப் பொருள் கொள்ளும் பிற்கால ஆலிம்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆலிம்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமாவின் பத்வா (மார்க்கத் தீர்ப்பு) பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். என் யோசனை, பள்ளி எந்த ஊருக்கோ அதே ஊரின் ஏழை வீடுகளுக்கு அந்த 12 லட்சத்தைக் கொடுங்கள். ஒருவருக்கு வலை, ஒருவருக்குத் தையல் மெஷின், ஒரு விதவையின் வீட்டுக்குக் கூரை. கூரை ஒழுகும் வீட்டிலிருந்து எழுந்து டைல்ஸ் போட்ட பள்ளிக்கு வருவது ஊர்க்காரர்களுக்கே ஒரு மாதிரித்தான் இருக்கும்.

சரி, இப்போது வாட்ஸ்அப் படம். கிடுகுக் கொட்டில், முன்னால் தொப்பி போட்ட நான்கு பிள்ளைகள், பக்கத்தில் 'பள்ளி இல்லாத ஊர்' என்று ஒரு பேனர். இதே மாதிரிப் படம் எனக்கும் வந்தது. சில வருடங்களுக்கு முன் நாங்கள் மூன்று பேர் வேன் பிடித்துப் போய்ப் பார்த்தோம். கொட்டில் உண்மைதான், பிள்ளைகளும் உண்மைதான். ஆனால் அந்தக் கொட்டிலிலிருந்து பாங்கு சொன்னால் கேட்கும் தூரத்தில் இரண்டு மினாராவோடு ஒரு பள்ளி நிற்கிறது. பூட்டியிருந்தது. வாசலில் கருங்கல் பலகை, அதில் அரபியில் கொடையாளியின் பெயர். அதை முழுதாக வாசிக்க அங்கே நின்றவர்களில் யாராலும் முடியவில்லை. வுழூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்யும் இடத்தில் எட்டுக் குழாய், எட்டிலும் தலையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சாவி எங்கே என்று கேட்டோம். பாங்கு சொல்லும் மோதினார் வீட்டில் என்றார்கள். மோதினார் எங்கே? உப்பளத்தில் கூலிக்குப் போயிருக்கிறார், சம்பளம் வந்து பல மாதமாம். அவருடைய மனைவி முந்தானையில் முடிந்து வைத்திருந்த சாவியை எடுத்துக் கொடுத்தார். அன்று ளுஹரை (நண்பகல் தொழுகையை) அந்தப் பள்ளியில் நாங்கள் மூன்று பேரும் வேன் டிரைவரும்தான் தொழுதோம்.

பூட்டிய பள்ளி இருக்கக் கொட்டில் ஏன் என்றால், கட்டியவர்களுக்கும் ஊரில் ஒரு பகுதிக்கும் மஸ்அலாவில் (மார்க்கச் சட்டக் கருத்தில்) பிணக்கு. ஒதுங்கியவர்கள் கொட்டில் போட்டு, படமும் எடுத்துவிட்டார்கள். குர்ஆன் 9:107 சொல்லும் மஸ்ஜிதுல் ளிராரின் கதை நினைவிருக்கும். முஃமின்களிடையே பிளவு உண்டாக்கக் கட்டிய பள்ளி அது. அந்த ஊர்க்காரர்களை அப்படிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் நம் காசு அப்படி ஒன்றுக்குச் செங்கல் ஆகிவிடக்கூடாது என்ற பயம் வேண்டும்.

புத்தளம், மன்னார்ப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம்தான் அவகாசம். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் புத்தளத்துக்கு வந்தார்கள். முகாமுக்கு முகாம் கிடுகுப் பள்ளி எழும்பியது, கிடுகு தகரமானது, தகரம் கல்லானது. 2009க்குப் பிறகு மீள்குடியேற்றம் என்று முசலி, எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவுப் பக்கம் திரும்பியவர்களும் உண்டு, பிள்ளைகளின் படிப்புக்காகப் புத்தளத்திலேயே தங்கியவர்களும் உண்டு. பல குடும்பங்களுக்கு இரண்டு இடத்திலும் கால். அப்படி ஓர் ஊருக்கு 200 குடும்பம் என்று பட்டியலில் இருக்கும், சுபஹில் (அதிகாலைத் தொழுகையில்) போய் எண்ணினால் ஒரு ஸப்பு (தொழுகை வரிசை) நிறையாது. பட்டியல் பொய்யில்லை. ஆட்கள் இங்குமில்லை, அங்குமில்லை. ஆகவே பட்டியலை நம்பாதீர்கள், ஒரு சாதாரண நாள் சுபஹில் போய் எண்ணுங்கள்.

எண்ணுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபு. ஜும்ஆ (வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை) நடத்த ஊரில் நிலையாக வாழும் பருவமடைந்த ஆண்கள் நாற்பது பேர் வேண்டும், இடம் கொள்ளாமல் போனால் தவிர ஓர் ஊரில் ஒரு ஜும்ஆதான். 25 குடும்பம் உள்ள குடியேற்றத்துக்கு வேண்டியது பெரும்பாலும் ஐந்து நேரத் தொழுகைக்கு ஒரு தக்கியாவும் (சிறிய தொழுமிடமும்) பிள்ளைகள் ஓத ஒரு இடமும். அதற்கு மினாரா வைத்த ஜும்ஆப் பள்ளியைக் கொண்டுபோய் நிறுத்தினால், பக்கத்து ஊர்ப் பள்ளியோடு வெள்ளிக்கிழமைதோறும் இழுபறிதான்.

அடுத்து காணி. இதில்தான் பாதிப்பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் பள்ளி கட்டிய நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு யதீம் (அநாதை) பிள்ளைகளுடையது. இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். நபியவர்கள் ஏற்கவில்லை, விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் மண் கல்லும் ஈச்ச மரத் தூணும் ஈச்ச ஓலைக் கூரையும். மழை பெய்தால் ஒழுகும், ஸுஜூது செய்த நெற்றியில் சேறு ஒட்டியதை ஸஹாபாக்கள் பார்த்திருக்கிறார்கள். கூரை எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும், நிலத்தில் மட்டும் யாருக்கும் ஒரு கேள்வி இருக்கக்கூடாது. நான் இதை அப்படித்தான் விளங்கிக்கொண்டிருக்கிறேன்.

நம் நாட்டில் ஏழை ஊர்களின் காணி பெரும்பாலும் பெர்மிட் (அரசாங்க அனுமதிப்பத்திர) காணி. 1935ஆம் வருடக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை, வைத்திருப்பவர் நினைத்தபடி விற்கவோ அன்பளிப்புச் செய்யவோ முடியாது, பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். "ஹாஜியார் அரை ஏக்கர் பள்ளிக்குத் தந்துவிட்டார்" என்று ஊரே சாட்சி சொல்லும். ஹாஜியார் மவுத்தானதும் பிள்ளைகள் வந்து கேட்பார்கள், அல்லது அரசாங்கம் கேட்கும். சொந்தக் காணி என்றாலும் வாய்ப்பேச்சு போதாது. நொத்தாரிசு முன்னால் உறுதி எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்து, சர்வே பிளானில் எல்லை குறித்திருக்க வேண்டும். உறுதியின் நகலைக் கொழும்பில் உங்கள் லோயரிடம் கொடுத்து முப்பது வருடத்துக்குப் பின்னோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் செலவழிக்கும் முதல் ரூபா இந்த லோயருக்குப் போகட்டும், சீமெந்துக்கு இல்லை.

பிறகு பதிவு. 1956ஆம் வருட 51ஆம் இலக்க வக்பு (மார்க்க அறக்கொடை) சட்டத்தின்படி பள்ளிகள் பதிவு செய்யப்பட வேண்டும், நம்பிக்கையாளர் சபைக்கு வக்பு சபையின் நியமனம் வேண்டும், வருடக் கணக்குக் காட்ட வேண்டும். இதையெல்லாம் பார்க்கும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம் கொழும்பு 10, டி. பி. ஜாயா மாவத்தையில் இருக்கிறது. புதிய வணக்கத்தலம் என்றால் மத விவகார அமைச்சின் 2008 சுற்றறிக்கையைக் காட்டி முன் அனுமதி கேட்பார்கள். உள்ளூராட்சி சபையின் கட்டட அனுமதி வேறு. 'முதலில் கட்டுவோம், பிறகு பார்த்துக்கொள்வோம்' என்பது என் வாலிப காலத்தில் ஓடியது. இப்போது ஓடாது, ஓடவும் கூடாது. 2013 ஓகஸ்டில் கொழும்பு கிராண்ட்பாஸில் நடந்தது நமக்குத் தெரியும். பெருநாள் முடிந்த கையோடு ஒரு பள்ளி தாக்கப்பட்டு, ஊரடங்குப் போட்டு, கடைசியில் பேச்சுவார்த்தையில் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். தாக்கியவர்கள் செய்தது அநியாயம், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அனுமதியும் பதிவும் கையில் இல்லாத இடத்தில் அநியாயக்காரனுக்குச் சாட்டு சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. பக்கத்துச் சிங்கள வீடு, தமிழ் வீடு, விகாரையின் ஹாமதுரு (பிக்கு) எல்லாரிடமும் ஊர்ப் பெரியவர்கள் முதலிலேயே போய்ப் பேசட்டும். ஒலிபெருக்கியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுவரை பேசலாம்.

காசு இருந்தால் எல்லாம் நடக்கும் என்று நினைப்பவர்களுக்கு அக்கரைப்பற்று நுரைச்சோலையைச் சொல்வேன். சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடு, பாடசாலை, வைத்தியசாலை, பள்ளியோடு கட்டிய கிராமம். யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வருடக்கணக்காக ஆளில்லாமல் கிடந்தது, காடு ஏறியது. அங்கே காசுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஓர் ஆள் தொழ அகலம் இரண்டு அடி, ஸப்புக்கு ஸப்பு நான்கு அடி, ஆக எட்டுச் சதுர அடி. நூறு பேருக்கு 800 சதுர அடி, அது மூன்று பேர்ச்சுக்குள் (ஒரு பேர்ச் ஏறத்தாழ 272 சதுர அடி) அடங்கும். வுழூ, கழிவறை, இமாம் தங்கும் அறை, ஜனாஸா (பிரேதம்) வைக்க முற்றம் எல்லாம் சேர்த்துப் பத்துப் பேர்ச் போதும். ஆனால் கிப்லாவை (தொழும்போது நோக்கும் மக்காவின் திசையை) மறந்து காணி வாங்குகிறார்கள். கொழும்பிலிருந்து கிப்லா நேர் மேற்கு இல்லை, மேற்கிலிருந்து ஏறத்தாழ 25 பாகை வடக்கே. புத்தளம் பக்கத்திலும் அதற்குக் கிட்டத்தான். ரோட்டுக்கு நேராகக் கட்டடத்தை வைத்துவிட்டு உள்ளே ஸப்பை மட்டும் சாய்த்துக் கோடு போட்டால், ஒவ்வொரு மூலையிலும் முக்கோணம் முக்கோணமாக இடம் வீண். எங்கள் பள்ளியில் அப்படி ஒரு முக்கோணத்தில்தான் சந்தூக்கை (ஜனாஸா தூக்கும் பெட்டியை) வைத்திருக்கிறோம். சிறிய காணி என்றால் கட்டடத்தையே திருப்பிப் போடச் சொல்லுங்கள். வெளியே முக்கோணம் விழட்டும், அங்கே செருப்பு வைக்கலாம், மரம் நடலாம்.

பெண்களுக்கு இடம் வேண்டும், தனி வாசலோடு, தனி வுழூவோடு. 'பிறகு மேல்மாடி போடும்போது பார்ப்போம்' என்று சொன்ன எத்தனை பள்ளியில் மேல்மாடி வந்தது? குப்பாவும் (குவிமாடமும்) மினாராவும் உங்கள் காசில் வேண்டாம் என்பது என் கருத்து. ஊருக்கு ஆசையிருந்தால் ஊர் சேர்த்துக் கட்டட்டும். அதே காசில் அந்த வரண்ட பூமியில் நல்ல தண்ணீருக்கு வழி செய்யுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பா என்று முதலிலேயே சோதியுங்கள். உவர் நீர் என்றால் ஜீ.ஐ. பைப் சில வருடத்தில் அரித்துவிடும், பீ.வீ.சீ.தான் சரி.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். பள்ளி திறந்த மறுநாளிலிருந்து செலவு தொடங்குகிறது. தொழுகை நடத்தும் பேஷ் இமாமுக்குச் சம்பளம், மோதினாருக்குச் சம்பளம், கரண்ட், தண்ணீர், நோன்பில் கஞ்சி, வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட். 2022 ஓகஸ்டில் மின் கட்டணத்தைச் சராசரியாக 75 வீதம் கூட்டினார்கள். 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். வணக்கத்தலங்களுக்கு இருந்த சலுகையும் அதில் அடிபட்டது. அன்று வந்த பில்லை எங்கள் பள்ளிச் செயலாளர் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார், சாரத்தில் துடைத்தார், மறுபடி போட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் ஏசியை நிறுத்தினார். இத்தனைக்கும் எங்களுடையது கொழும்புப் பள்ளி, கடை வாடகை வருகிறது, வெள்ளிக்கிழமை உண்டியல் கனக்கிறது. மீன்பிடிக்கப் போனால்தான் சோறு என்ற ஊரில் சந்தா எவ்வளவு சேரும்?

நம் முன்னோர் இதை நன்றாக விளங்கியிருந்தார்கள். கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) கேட்டபோது, மூலத்தை நிறுத்திவை, அதன் பலனைத் தர்மம் செய் என்றார்கள் நபியவர்கள். வக்பின் அடிப்படை அதுதான். கொழும்பில் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டார் பள்ளியைச் சுற்றுலாக்காரர் படம் எடுக்கிறார்கள். 1908இல் தொடங்கி 1909இல் முடித்தது, இந்தியாவிலிருந்து வந்த நம்மாள் வியாபாரிகளின் காசு. அவர்கள் பள்ளியைத் தங்கள் கடைகளுக்கு நடுவே கட்டினார்கள், கடைக்காரனே ஜமாஅத் (தொழும் கூட்டம்), கடைக்காரனே சந்தா. உங்கள் ஏழை ஊரில் அந்தக் கடைத்தெரு இல்லை, அதனால் சிறிய அளவிலாவது அதையும் நீங்கள்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே 68 லட்சத்தில் 40ஐக் கட்டடத்துக்கு என்று நிறுத்துங்கள். மீதியை வருமானத்துக்குப் போடுங்கள். பஸ் நிற்கும் சந்தியில் இரண்டு கடை அறை, அல்லது ஐம்பது தென்னை உள்ள துண்டுக் காணி, எது அந்த ஊரில் ஓடுமோ அது, பள்ளியின் பெயரிலேயே வக்பாக. கூரையில் சோலார் போடலாம். பள்ளிக்கு மின்சாரம் அதிகம் வேண்டியது மாலை மஃரிபிலிருந்து இரவு இஷா வரை, பகலில் உற்பத்தியாவது பெரும்பாலும் மிச்சம். 2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்திலிருந்து கூரைச் சோலார்காரர்களுக்கு மிச்சத்தை மின்சாரம் வழங்குபவருக்கே கொடுத்துப் பில்லைக் குறைக்கவோ காசாக்கவோ வழியிருக்கிறது. கொடுக்கும் விலை காலத்துக்குக் காலம் மாறும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பேங்க் வட்டியில் பள்ளியை ஓட்டலாமா என்று கேட்காதீர்கள், பதில் உங்களுக்கே தெரியும்.

யாரிடம் கொடுப்பது? படம் அனுப்பியவரிடம் இல்லை. தனி ஆளின் கணக்குக்கு ஒரு ரூபாவும் அனுப்பாதீர்கள், அவர் அவ்லியாவாக இருந்தாலும். பதிவான நம்பிக்கையாளர் சபை, அதன் பெயரில் பேங்க் கணக்கு, குறைந்தது இரண்டு கையெழுத்து. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து பள்ளிக்குக் காசு வந்தால் யாருடையது, எதற்கு என்று கேட்பார்கள். கேட்கட்டும், பதில் சொல்லக் கடிதம் கையில் இருந்தால் போதும். கொன்ட்ராக்டருக்கு மொத்தமாகக் கொடுக்காதீர்கள். அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என்று பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்து ஊரைச் சேராத ஒருவர் அளந்த பிறகு அடுத்த கட்டக் காசு. கடைசி 5 வீதத்தை ஒரு வருடம் நிறுத்திவையுங்கள். ஒரு மழைக்காலம் போனால்தான் கூரையின் உண்மை தெரியும். சொந்தக்காரக் கொன்ட்ராக்டர் என்றால் 10 வீதம்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். புதிதாகத்தான் கட்ட வேண்டுமா? 'யார் அல்லாஹ்வுக்காக, கதா பறவையின் கூட்டளவாவது ஒரு பள்ளி கட்டுகிறாரோ, அவருக்குச் சுவர்க்கத்தில் ஒரு வீடு' என்று ஹதீஸ் இருக்கிறது, இப்னு மாஜாவில். கூட்டில் யார் தொழ முடியும்? பலர் சேர்ந்து கட்டும்போது ஒருவருடைய பங்கு அவ்வளவு சிறிதாக இருந்தாலும் என்று இமாம்கள் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். அந்த விளக்கம் எனக்குப் பிடிக்கும். நான் சொன்ன அந்தப் பூட்டிய பள்ளிக்குப் புதுச் சுவர் தேவையில்லை. எட்டுக் குழாய்த்தலை, ஒரு மோட்டர், ஒரு மோதினாரின் சம்பளம், இரண்டு பக்கத்தாரையும் உட்காரவைத்துப் பேச ஊருக்கு வெளியிலிருந்து ஒரு ஹஸரத் (மதிப்புள்ள ஆலிம்). கருங்கல் பலகையில் பெயர் வராது, அவ்வளவுதான். வாப்பாவின் பெயரைப் பலகையில் எழுதாவிட்டால் நன்மை வழி தவறிப் போய்விடாது.

கொழும்பிலேயே தேவை இருக்கிறது, அதையும் பாருங்கள். கொம்பனித்தெருவிலும் மருதானையிலும் தோட்டம் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் இருந்தவர்களைத் தொடர்மாடிகளுக்குக் கொண்டுபோனார்கள். பழைய பள்ளியின் ஜமாஅத் கலைந்தது, புதிய மாடியில் பதின்மூன்றாம் தளத்திலிருந்து முதியவர் ஒருவர் சுபஹுக்கு இறங்கி எங்கே போவார்? லிப்ட் வேலை செய்தால் அல்லவா. அங்கே புதுப் பள்ளி கட்டுவது நடக்காது, நிலம் அரசாங்கத்துடையது. ஆனால் பக்கத்தில் இருக்கும் பழைய பள்ளிகளில் இரண்டாம் தளம், பெண்கள் பகுதி, பிள்ளைகளின் மத்ரஸா என்று கேட்டு நிற்கிறார்கள். பதிவு, உறுதி, கணக்கு எல்லாம் ஏற்கெனவே சரியாக உள்ள இடங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டி மூழ்கியபோது இந்தப் பக்கத்துப் பள்ளிகளில்தான் சோறு சமைத்து எல்லா மக்களுக்கும் பார்சல் போனது. உயரமான தளமும் பெரிய சமையல்கட்டும் உள்ள பள்ளி வெள்ளப் பகுதியில் எதற்கு உதவும் என்று அன்று பார்த்தோம்.

எதற்கும், அடுத்த லீவில் வரும்போது காசைப் பற்றி ஒருவரிடமும் சொல்லாமல் அந்தப் படத்தில் உள்ள ஊருக்குப் போங்கள். முதல் நாள் இரவே போய்த் தங்கிவிடுங்கள். சுபஹில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பக்கத்தில் பள்ளி ஏதும் இருந்தால் சாவி யார் வீட்டில் என்று கேட்டு, அந்த வீட்டில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள். அங்கே கேட்டதை எனக்கு எழுதினால், கணக்குப் போட்டுத் தருகிறேன்.